மழை பார்க்கப் போகும் பயணம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலித்த உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் உலா என்றொரு சிற்றிலக்கிய வகை உண்டு. தலைவன் யானைமீதோ தேர்மீதோ வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவார்கள். அங்கே போகிறவன் பார்க்கப்படுகிறான். ஊரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். நாம் இன்று வழங்கும் 'சுற்றுலா' என்ற சொல்லில் இந்த முறை தலைகீழாகிவிட்டது. போகிறவர் பார்க்கிறார், ஊரில் இருப்பவர்கள் பார்க்கப்படுகிறார்கள். எனவே சுற்றுலாப் போகிறவருக்குப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கடவுச்சீட்டும் விமானச்சீட்டும் கையில் இருந்தால் மட்டும் அது வந்துவிடாது. அந்தப் பார்வையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வடமராட்சி மக்களுக்குக் கடல் கடப்பது புதிதல்ல. உடுப்பிட்டியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கரையை அடைந்தது. நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் வணிகத்துக்காகப் போனார்கள். மலாயாவுக்கு உத்தியோகத்துக்காகப் போனார்கள். சென்னைக்குப் படிப்புக்காகவும் சிதம்பரத்துக்கு ஆருத்திரா தரிசனத்துக்காகவும் போனார்கள். 1983 க்குப் பின்னும், 1987 இல் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கையின் பின்னும், 1990 க்குப் பின்னும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறினார்கள். அதற்குப் பின் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

இந்தப் பயணங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பொருள், கல்வி, பக்தி, உயிர் என்று ஏதோ ஒன்று பின்னால் நின்று தள்ளியது. வெறுமனே பார்த்துவிட்டு வருவதற்காகக் குடும்பத்தோடு கடல் கடப்பது மட்டும் நம்மில் பெரும்பாலான வீடுகளுக்கு வாய்க்கவில்லை. இப்போதுதான் வாய்க்கத் தொடங்கியிருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் வந்தது. 2025 மார்ச்சில் திருச்சிராப்பள்ளிக்கும் விமானம் பறக்கத் தொடங்கியது. கொழும்புக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் தமிழ்நாட்டை அடையலாம் என்ற நிலை வந்தபோது, எங்கள் ஊர் வீடுகளிலும் "ஒருக்கால் போய் வந்தால் என்ன?" என்ற பேச்சு எழுந்தது.

உடுப்பிட்டியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த பேச்சைச் சொல்கிறேன். தகப்பன் ஆசிரியர். தாய் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். இரண்டு பிள்ளைகள், கூடவே ஆச்சி. ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கே போவது என்று கேட்டபோது, பத்து வயது மகள், "அப்பா, மழை பெய்யிற இடத்துக்குப் போவம்" என்றாளாம். இந்த விடை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனெனில் ஓகஸ்ட் மாதத்து உடுப்பிட்டியில் இருந்துகொண்டு வேறு எதை ஆசைப்படுவது?

நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. எங்கள் பக்கத்தில் தொண்டைமானாறு இருக்கிறது; பெயரில்தான் ஆறு, நீர் உப்பு. நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். அந்தக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். ஆண்டில் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆடியில் வல்லைவெளியைக் கடந்து போகிறவர் முகத்தில் அடிப்பது சோளகக் காற்றும் புழுதியும்தான்.

ஆனால் நேயர்களே, அதே சோளகம்தான் கேரளத்தில் மழையாகப் பெய்கிறது. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து நிறுத்துகிறது. மேலே ஏறும் காற்று குளிர்கிறது; குளிர்ந்த காற்று தன் சுமையை இறக்கிவிடுகிறது. கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீற்றர் மழை. அதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தென்மேற்குப் பருவத்தில். நமது தட்டை நிலத்தில் அந்தக் காற்றை மேலே ஏற்ற ஒரு குன்றுகூட இல்லை. ஆகவே அது பனைகளை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறது. நாம் ஆடிக்கூழ் காய்ச்சும் மாதம் அவர்களுக்குக் கர்க்கடகம். அடைமழையில் வேலை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்து இராமாயணம் படிக்கும் மாதம். இந்த ஒரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால், அவர்கள் காணப்போகும் மழை ஓர் அந்நிய நாட்டு அதிசயமாக இராது. தங்கள் வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போன காற்றின் மறுபக்கமாக இருக்கும்.

"மலையும் மழையும் நுவரெலியாவிலும் உண்டே, அதற்கு ஏன் வெளிநாடு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த வீட்டிலும் கேட்டார்கள். பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவில் நுவரெலியாவைப் பார்த்துவிட்டார்கள் என்பது ஒரு விடை. தகப்பன் சொன்ன விடை வேறு. அவர் சிலப்பதிகாரம் கற்பிப்பவர். "பேரியாற்றை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார்.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை என்றொரு பகுதி உண்டு. சேரன் செங்குட்டுவன் தன் தேவி இளங்கோ வேண்மாளோடு மாளிகையில் இருக்கிறான். மலை காண வேண்டும் என்ற ஆசை அவனுக்கு எழுகிறது. பரிவாரத்தோடு புறப்பட்டுப் பேரியாற்றங்கரை மணலில் தங்குகிறான். மேகம் தவழும் மலை, அருவி ஓசை, குறவர் ஆடும் குரவை, தினைப்புனம் காப்போர் எழுப்பும் ஒலி என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இங்கே போர் இல்லை, திறை இல்லை, யாத்திரையும் இல்லை. கணவனும் மனைவியும் பச்சை மலையைப் பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதான். நமது இலக்கியத்தில் குடும்பச் சுற்றுலா எங்கே என்று யாராவது கேட்டால், இந்தக் காதையைக் காட்டலாம்.

ஆனால் கதை அந்த மணலில் முடியவில்லை. மலைவாணர் யானைக் கொம்பும் அகிலும் சந்தனமும் தேனுமாகக் காணிக்கை சுமந்து வருகிறார்கள். வந்தவர்கள் ஒரு செய்தியும் சொல்கிறார்கள். வேங்கை மரநிழலில் ஒரு முலை இழந்து நின்ற ஒருத்தி, தன் கணவனோடு வானுலகம் போனதைத் தாங்கள் கண்டதாகச் சொல்கிறார்கள். அங்கிருந்த சாத்தனார் மதுரையில் நடந்ததை விளக்குகிறார். இறந்த பாண்டிமாதேவியா, நம் நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியா, யார் வியப்புக்குரியவர் என்று அரசன் தேவியைக் கேட்கிறான். பாண்டிமாதேவி வானுலகில் சிறப்புப் பெறட்டும், நம் நாடு தேடி வந்த பத்தினியை நாம் வழிபட வேண்டும் என்கிறாள் வேண்மாள். அதன் பின்தான் இமயத்துக் கல், கோயில், கடல்சூழ் இலங்கைக் கயவாகு மன்னனின் வருகை எல்லாம். ஈழத்தில் கண்ணகி அம்மன் கோயில்கள் இருப்பதற்குக் காப்பியம் காட்டும் தொடக்கம், ஓர் அரச குடும்பம் மலை பார்க்கப் போன அந்த நாள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அரசன் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் காப்பியத்துக்கு மூன்றாம் காண்டம் இல்லை. அவன் அந்த மலையில் வாழ்பவர்கள் சொன்னதைக் கேட்டான். மலை அவனுக்குக் காட்சி தந்தது. மலைவாணர்தான் கதை தந்தார்கள்.

சரி, வழிக்கு வருவோம். பலாலியிலிருந்து திருச்சிராப்பள்ளி, அங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றரில் மதுரை. ஆச்சிக்கு மீனாட்சி அம்மனைத் தரிசிக்க வேண்டும் என்பதால் அங்கே இரண்டு நாள். பின்பு மேற்கே தேனி, கம்பம், குமுளி. கண்ணகி மதுரையை விட்டு வைகைக் கரை வழியே பதினான்கு நாள் நடந்து மலையேறினாள் என்கிறது காப்பியம். அந்தத் திசையிலேயே இந்தக் குடும்பம் அரை நாளில் வாகனத்தில் போகும். குமுளிக்கு அருகே தமிழக, கேரள எல்லை மலையில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும், மக்களை அங்கே செல்ல விடுகிறார்கள். ஓகஸ்டில் போகிறவர்கள் மலையைக் கீழிருந்து பார்த்துக் கும்பிடலாம்.

குமுளியை ஒட்டிய தேக்கடியில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் உண்டு. 1895 இல் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளரின் பொறுப்பில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையால் உண்டானது அது. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி, வைகையோடு சேர்த்து மதுரைப் பக்கத்து வயல்களுக்குக் கொடுக்கிறார்கள். நமக்கு இதில் ஒரு தனி அக்கறை உண்டு. பொறியியலாளர் ஆறுமுகம் 1950 களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தைப் பற்றி நம் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறோம். நன்னீருக்காகக் கனவு கண்ட நிலத்திலிருந்து போகிற பிள்ளைகள், ஓர் ஆற்றைத் திருப்பிய இடத்தில் நின்று பார்க்கட்டும். அந்த அணையின் பாதுகாப்பையும் நீர்மட்டத்தையும் பற்றி இரு மாநிலங்களுக்கும் இடையே நீண்ட வழக்கு நடந்தது என்பதையும் அறிந்துகொள்ளட்டும். மழை அதிகமாகப் பெய்கிற இடத்திலும் தண்ணீருக்குச் சண்டை உண்டு.

அங்கிருந்து மூணாறு. தேயிலை மலைகள், தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி, 2,695 மீற்றர். திரும்பும்போது போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கலாம். மேலே மூடுபனியும் ஈரமும், கீழே வெயிலும் புழுதியும் என்று ஒரே மலையின் இரண்டு முகங்களையும் ஒரு முற்பகலில் காணலாம். மகள் குறிஞ்சிப் பூவைக் காண ஆசைப்பட்டாளாம். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. மூணாற்றுப் பக்கம் 2018 இல் பூத்தது; அடுத்த முறை 2030. "அப்ப நான் பெரிய பிள்ளையாகி வந்து பார்ப்பன்" என்றாளாம். திரும்பப் போவதற்கு ஒரு காரணத்தை வைத்துவிட்டு வருவதும் நல்லதுதான்.

பயணத்தைத் திட்டமிடுவது என்பது தமிழுக்குப் பழைய கலை. ஆற்றுப்படை நூல்கள் செய்வது அதைத்தானே? போய் வந்தவன், போகப் போகிறவனுக்கு வழி சொல்கிறான். பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம் முழுக்க முழுக்க மலைவழி பற்றியது. பரிசில் பெறலாம் என்று ஆசை காட்டுவதோடு பெருங்கௌசிகனார் நிறுத்தவில்லை. பன்றிக்கு வெட்டிய பொறிக்குழி உண்டு, யானையை விரட்ட எறியும் கவண்கல் பறந்து வரும், பாசி படர்ந்த வழுக்கு நிலம் உண்டு, இருட்டில் நடவாதே என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். ஆபத்தைச் சொல்லாத வழிகாட்டி வழிகாட்டியே அல்ல என்பது அக்காலத்து முறை.

இக்கால ஆற்றுப்படையும் அப்படியே இருக்க வேண்டும். 2018 ஓகஸ்ட் நடுப்பகுதியில் கேரளத்தில் பெருவெள்ளம். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் சரிவில் அழிந்தன. ஆகவே அந்த வீட்டில் இப்படித் தீர்மானித்தார்கள்: நாட்களை நெருக்கமாக அடுக்காமல் இரண்டு நாளை வெறுமையாக விடுவது. இந்திய வானிலைத் துறை மாவட்டம் மாவட்டமாக வெளியிடும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எச்சரிக்கைகளைத் தினமும் பார்ப்பது. இடுக்கி மாவட்டத்துக்குச் சிவப்பு என்றால் மலையேறாமல் மதுரையிலேயே நிற்பது. மலைவீதியில் இரவில் பயணம் செய்யாமலிருப்பது. ஆற்றோரத்திலும் வெட்டிய சரிவின் அடியிலும் தங்குமிடம் எடுக்காமலிருப்பது. அட்டைக்கடிக்கு உப்பும், ஆச்சிக்குக் கம்பளிச் சால்வையும் கொண்டுபோவது. மழையைப் பார்க்கப் போகிறவர், மழை வேண்டாம் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

பெட்டிமுடியில் இறந்தவர்கள் தமிழர்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். நமது மலையகத் தமிழரின் கதையும் இதுவே. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் செய்த அழிவு இன்னும் ஆறாத காயம். கடலின் இரு புறத்திலும் ஒரே பச்சை. அந்தப் பச்சையின் அடியில் ஒரே வகை வீடு. தூரத்திலிருந்து பார்க்கும்போது கம்பளம் விரித்ததுபோல் தெரிகிற தேயிலை, குனிந்து பறிக்கும் கைகளால் வெட்டிச் சீராக்கப்பட்டது. 2015 செப்டெம்பரில் அந்தக் கைகளே மூணாற்று வீதியில் உட்கார்ந்தன. போனஸுக்கும் சம்பள உயர்வுக்குமாகத் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தாமே நடத்திய 'பெம்பிளை ஒருமை' போராட்டம் கேரளம் முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது. இதை அறிந்து போகிற பிள்ளை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கும்போது, பின்னால் கூடையோடு நிற்கும் அம்மாவைப் படத்தின் அலங்காரமாக நினைக்காது. "எந்த ஊர் அம்மா நீங்கள்?" என்று கேட்கும். அவரும் தமிழிலேயே பதில் சொல்வார்.

அந்த வீட்டு ஆச்சியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் இந்தியாவுக்குப் போவது இது முதற்தடவை அல்ல. போர்க்காலத்தில் இரவோடு இரவாகப் படகில் போய் மண்டபம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர். பயணப் பேச்சு தொடங்கியபோது, ஆச்சி பயப்படுவார், வரமாட்டார் என்றே மகள்காரி நினைத்தாவாம். ஆச்சி சொன்னது இதுதான்:

"உந்தக் கடலை நான் ஒருக்கால் கடந்தனான் மோனை. அப்ப இருட்டு. பிள்ளையளின்ரை வாயைப் பொத்திக்கொண்டு குனிஞ்சு இருந்தனாங்கள். ஒண்டையும் பாக்கேல்லை. இப்ப பகலிலை போறதெண்டால், யன்னல் பக்கம் என்னை விடுங்கோ."

இந்த வார்த்தைகளைக் கேட்ட பின், சுற்றுலா என்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடந்த கடலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு கடப்பதும், திரும்பி வரும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே புறப்படுவதும் நம் மக்களுக்கு நீண்டகாலம் கிடைக்காதவை. கிடைத்திருக்கும்போது அதை நன்றாகச் செய்ய வேண்டும். எத்தனை இடம் பார்த்தோம் என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு இடத்தில் ஆறுதலாக நின்று பார்த்து, அங்குள்ளவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு வர வேண்டும்.

செங்குட்டுவன் மலையிலிருந்து ஒரு கதையோடு திரும்பினான். அந்தக் கதை கயவாகுவோடு கடல் கடந்து நம் ஊர்களுக்கும் வந்து கோயிலாயிற்று. உங்கள் வீட்டிலும் யாராவது இத்தகைய பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தால், பெட்டியில் குடையோடு காட்சிக் காதையின் சில பக்கங்களையும் வையுங்கள். மழைக்காக அறையில் அடைந்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம்.